லேசிக்ஸ் 40: ஆறு மணி நேர மாத்திரையை அளந்து பார்த்தால்

மருந்துக்கடையில் "யூரின் போற மாத்திரை" என்றால் முதலில் நினைவுக்கு வருவது லேசிக்ஸ் 40 தான். சின்ன வெள்ளை வட்டம், நடுவில் உடைப்பதற்கு ஒரு கோடு, உள்ளே 40 மி.கி. ஃபுரோசமைட். பழைய சீட்டுகளில் இதே மருந்தை ஃப்ரூசமைட் என்றும் எழுதியிருப்பார்கள். ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் நிறுவனத்தில் பிறந்தது. அமெரிக்காவில் 1966-ல் அனுமதி கிடைத்தது. இன்று சனோஃபியின் பெயரில் வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. ஒரு மாத்திரையின் விலை ஒரு டீயின் விலையைத் தொடாது.

அறுபது ஆண்டுகளாக ஓடும் சரக்குக்கு இப்போது மதிப்பீடு எதற்கு என்றால், இதைப் போல் தினமும் தவறாக விழுங்கப்படும் மாத்திரை வேறு அதிகம் இல்லை. "போட்டேன், கால் வீக்கம் வடியலை, மாத்திரை சரியில்லை" என்ற புகாரில் பாதிக்கு மேல், குற்றம் மாத்திரையில் இருக்காது. அளவிலோ நேரத்திலோ சாப்பாட்டுத் தட்டிலோ இருக்கும். அதே சமயம் மாத்திரையிலேயே ஒரு பிறவிக் குறையும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க, இது சிறுநீரகத்துக்குள் எங்கே போய் எதைப் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் கரைந்திருக்கும் சோடியத்தைச் சமையல் உப்பாகக் கணக்குப் போட்டால் ஒன்றரைக் கிலோ வரும். வெளியே போவதோ ஒன்றரை லிட்டர் சிறுநீரும் சில கிராம் உப்பும்தான். மீதி எல்லாம் நெஃப்ரான் என்ற நுண்குழாய்களின் வழியில் திரும்ப உறிஞ்சப்படுகிறது. தொடக்கத்துச் சுருள்குழாயில் 65 சதவீதம், ஹென்லே வளைவின் தடித்த ஏறுபகுதியில் 25, அதைத் தாண்டிய தூரச் சுருள்குழாயில் 5 முதல் 7, கடைசிச் சேகரிப்புக் குழாயில் 2 அல்லது 3 என்று பங்கு பிரிந்திருக்கிறது. நீர் மாத்திரைகள் அத்தனையும் இந்த வழியில் ஏதோ ஓரிடத்தில் உப்பு திரும்புவதைத் தடுப்பவைதான். உப்பு குழாயிலேயே தங்கினால் தண்ணீரும் அதோடு தங்கி வெளியே வரும்.

அப்படியானால் 65 சதவீதம் உறிஞ்சும் முதல் இடத்தைத்தானே தடுக்க வேண்டும் என்று தோன்றும். அசெட்டசோலமைட் அதைத்தான் செய்கிறது, ஆனால் தனியாகக் கொடுத்தால் பலன் குறைவு. அங்கே விட்ட உப்பைக் கீழே இருக்கும் ஹென்லே வளைவு அள்ளிக்கொள்ளும். ஹென்லே வளைவைத் தடுத்துவிட்டால், அதற்குக் கீழே இருக்கும் குழாய்களுக்கு அவ்வளவையும் அள்ளும் திராணி கிடையாது. ஃபுரோசமைட்டின் பலமே இந்த இடத்தேர்வுதான். வடிகட்டிய சோடியத்தில் 20 முதல் 25 சதவீதம் வரை வெளியேற்ற இந்த வகை மருந்துகளால் முடியும்.

அந்த இடத்தில் செல்லின் சுவரில் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது, பெயர் என்.கே.சி.சி.2. ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு என நான்கையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் உள்ளே இழுக்கும்; ஒன்று குறைந்தாலும் நகராது. ஃபுரோசமைட் குளோரைடு உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த இடம் ரத்தப் பக்கம் இல்லை, சிறுநீர்ப் பக்கம் இருக்கிறது. ரத்தத்தில் எவ்வளவு மருந்து ஓடுகிறது என்பதைவிட, குழாய்க்குள் ஓடும் சிறுநீரில் எவ்வளவு சேர்ந்தது என்பதுதான் கணக்கு.

அங்கே போய்ச் சேர்வது சுலபமில்லை. ரத்தத்தில் ஃபுரோசமைட்டின் 95 சதவீதத்துக்கு மேல் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டுதான் திரியும். ஆல்புமின் வடிகட்டியில் இறங்காது, ஆகவே மருந்தும் இறங்காது. முதல் சுருள்குழாயின் செல்களில் இருக்கும் கரிம அமிலப் பம்புகள்தான் அதை ரத்தத்திலிருந்து பிடுங்கிக் குழாய்க்குள் தள்ள வேண்டும். முன்வாசல் அடைத்திருப்பதால் கொல்லைப்புறமாக உள்ளே வருகிற மாதிரி. இந்தக் கொல்லைப்புற வழியில் நெரிசல் ஏற்பட்டால் மருந்து வெளியிலேயே நின்றுவிடும். சிறுநீரகம் தளர்ந்தவர்களின் ரத்தத்தில் தேங்கும் கழிவு அமிலங்கள் இதே பம்புக்கு முண்டியடிக்கின்றன. அவர்களுக்கு 40 மி.கி. போதாமல் 80, 120 என்று டாக்டர் ஏற்றிக்கொண்டே போவதற்கு இதுதான் முதல் காரணம். "கிட்னி வீக்கா இருக்கிறவருக்கு ஏன் இவ்வளவு பவர்?" என்று பயந்து பாதியாக உடைத்துக் கொடுக்கும் வீடுகள் உண்டு. அப்படிக் கொடுத்த பாதியின் பெரும்பகுதி சேர வேண்டிய இடத்துக்குச் சேராது.

இதே பம்பில் இடித்துக்கொண்டு நிற்கும் இன்னொரு கூட்டம் வலி மாத்திரைகள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் வகையறா. பம்பில் போட்டி போடுவது ஒருபுறம். சிறுநீரகத்துக்கு ரத்தம் பாய உதவும் புரோஸ்டாகிளாண்டினையும் இவை குறைத்துவிடுகின்றன. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய நாலு மாத்திரை, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த லேசிக்ஸை இரண்டே நாளில் முடக்கிவிடும். கூடவே ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்ற ரத்த அழுத்த மருந்தும் ஓடிக்கொண்டிருந்தால், மூன்றும் சேர்ந்து, சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியேட்டினினை ரத்தத்தில் விறுவிறுவென்று ஏற்றிவிடும். நீர் மாத்திரை எடுப்பவருக்கு வலி என்றால் முதலில் பாராசிட்டமால்தான். அதுவும் போதவில்லை என்றால் டாக்டரைக் கேட்க வேண்டும், கடைக்காரரை அல்ல.

இனி அளவு. ஃபுரோசமைட் படிப்படியாக வேலை செய்யும் மருந்து இல்லை. ஒரு வாசற்படி இருக்கிறது. அதைத் தாண்டாதவரை கிட்டத்தட்ட ஒன்றும் நடக்காது, தாண்டினால் கடகடவென்று நீர் இறங்கும், ஒரு உச்சத்துக்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் கூடுதல் பலன் இல்லை. ஒருவருடைய வாசற்படி 40 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். காலை 20, மாலை 20 என்று பிரித்துக் கொடுத்தால் இரண்டு வேளையும் படியைத் தாண்டாது. நாள் முழுக்க மருந்து சாப்பிட்டும் காலில் வீக்கம் அப்படியே நிற்கும். ஒரே வேளையில் 40 கொடுத்தால் இறங்கும். ஆகவே பலன் இல்லாதபோது டாக்டர்கள் முதலில் ஒரு வேளைக்கான அளவைக் கூட்டுவார்கள், வேளைகளின் எண்ணிக்கையை அல்ல. ஒரு வேளை சரியாகப் பேசுகிறது, ஆனால் நாள் முழுக்கப் போதவில்லை என்றால்தான் இரண்டாவது வேளை.

படி தாண்டியதா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை 30 முதல் 60 நிமிடத்தில் வேலையைத் தொடங்கும். ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்தில் உச்சம். ஆறு மணி நேரத்தில் அடங்கும். லேசிக்ஸ் என்ற பெயரே 'ஆறு மணி நேரம் நிற்கும்' என்பதிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் இரண்டு மூன்று தடவையாவது எழுந்து போக வேண்டும், சிறுநீர் தண்ணீர் போல வெளிர் நிறமாக இறங்க வேண்டும். போட்டதே தெரியாமல் காலைப்பொழுது கழிந்தால் அந்த அளவு அவருக்கு எட்டவில்லை என்று அர்த்தம். அடுத்த முறை டாக்டரிடம் "சரியா போகலை" என்று மொட்டையாகச் சொல்வதைவிட, "ஏழு மணிக்குப் போட்டேன், ஒன்பது மணி வரை ஒரு தடவைதான், அதுவும் மஞ்சளா" என்று சொன்னால் அவருக்கு வேலை பாதியாகக் குறையும்.

மாத்திரையின் பிறவிக் குறை என்று மேலே சொன்னது, குடலில் உறிஞ்சப்படும் விதம். சராசரியாகப் பாதிதான் ரத்தத்துக்குள் போகிறது. ஆனால் அந்தச் சராசரிக்குப் பின்னால் ஒருவருக்கு 10 சதவீதம், இன்னொருவருக்கு 90 என்று பெரிய விரிசல் இருக்கிறது. ஒரே ஆளுக்கே இன்றைக்கும் நாளைக்கும் மாறும். சாப்பாட்டோடு போட்டால் இன்னும் குறையும். இதயம் தளர்ந்து உடம்பில் நீர் கோத்தவருக்குக் குடல் சுவரும் வீங்கியிருக்கும். மருந்து மெதுமெதுவாகக் கசிந்து உள்ளே போகும்போது உச்சம் உயராது, வாசற்படியும் தாண்டாது. வீட்டில் 80 மி.கி. மாத்திரைக்கு அசையாதவர், ஆஸ்பத்திரியில் 40 மி.கி. ஊசி போட்டதும் பாட்டில் பாட்டிலாக நீர் விடுவது இதனால்தான். ஊசியில் முழு மருந்தும் ரத்தத்தில் இருக்கிறது, 20 மி.கி. ஊசி ஏறக்குறைய 40 மி.கி. மாத்திரைக்குச் சமம்.

இந்த இடத்தில்தான் போட்டியாளர் டோரசமைட் வருகிறது. டைட்டார் என்ற பெயரில் பலருக்கும் பழக்கம். அதுவும் அதே என்.கே.சி.சி.2 கதவைத்தான் பிடிக்கிறது. ஆனால் 80 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சப்படும், சாப்பாட்டுக்குப் பெரிதாக அசைந்து கொடுக்காது, ரத்தத்தில் பாதியாகக் குறைய எடுக்கும் நேரமும் நீளம். 20 மி.கி. டோரசமைட், 40 மி.கி. ஃபுரோசமைட் மாத்திரைக்குச் சமம். மாற்றும்போது இந்தக் கணக்கு தெரியாமல் "அதே 40 கொடுங்க" என்றால் அளவு இரட்டிப்பாகிவிடும். கடையில் பெயர் மாற்றி வாங்கும்போது நடக்கும் விபத்து இது.

டோரசமைட்தான் உயிரையும் கூடக் காக்கும் என்று பல ஆண்டுகள் நம்பிக்கை இருந்தது. அதைச் சோதிக்க அமெரிக்காவில் 2,859 இதயச் செயலிழப்பு நோயாளிகளை வைத்து டிரான்ஸ்ஃபார்ம்-எச்எஃப் என்ற ஆய்வு நடந்தது. முடிவு 2023-ல் வெளியானது. டோரசமைட் பக்கம் இறப்பு 26.1 சதவீதம், ஃபுரோசமைட் பக்கம் 26.2. வித்தியாசமே இல்லை. ஆகவே லேசிக்ஸ் நன்றாகப் பேசும் ஒருவர், புதுசு என்பதற்காக மாறத் தேவையில்லை. ஆனால் ஒரு நாள் போகிறது, ஒரு நாள் போகவில்லை என்று அலைக்கழிப்பவர்களுக்கும், காலையில் வெறும் வயிற்றில் போட முடியாதவர்களுக்கும் எங்கள் கை டோரசமைட் பக்கம்தான் நீளும். நிதானமாக நம்பி எடுக்கலாம் என்ற ஒரே காரணம் போதும்.

ஆறு மணி நேரம் முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பது அட்டையில் எழுதியிருக்காது. உப்பை இழந்த சிறுநீரகம் மீதி பதினெட்டு மணி நேரமும் கிடைத்த உப்பையெல்லாம் இறுகப் பிடித்துக்கொள்ளும். இதற்குக் காரணமும் அதே கதவுதான். குழாயில் எவ்வளவு உப்பு ஓடுகிறது என்று நோட்டம் பார்க்கும் மேக்குலா டென்சா செல்களும் என்.கே.சி.சி.2 வழியாகத்தான் உப்பை உணர்கின்றன. மருந்து அதையும் அடைத்துவிட, அவை "உப்பே வரவில்லை" என்று தவறாகப் புரிந்துகொண்டு ரெனினைச் சுரக்கச் சொல்கின்றன. ரெனின் ஏறினால் ஆல்டோஸ்டிரோன் ஏறும். ஆல்டோஸ்டிரோன் கடைசிக் குழாயில் சோடியத்தை உள்ளே இழுத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும்.

இனி உப்பின் கணக்கைப் பாருங்கள். லேசிக்ஸ் போட்டு இறங்கும் சிறுநீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 70 மில்லிமோல் சோடியம் இருக்கும். சமையல் உப்பாகச் சொன்னால் 4 கிராம். காலையில் ஒன்றரை லிட்டர் இறங்கினால் 6 கிராம் உப்பு போயிருக்கும். மதியம் சாம்பார், ஒரு அப்பளம், தயிர்சாதத்துக்கு மாங்காய் ஊறுகாய், இரவில் மோர்மிளகாய் என்று 10 கிராம் உள்ளே போனால், சிறுநீரகம் காலையில் இழந்த 6 கிராமை அதிலிருந்து அந்தப் பதினெட்டு மணி நேரத்துக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்போடு நீரும் தங்கும். மறுநாள் காலை எடை அதே எடைதான். மாத்திரை முழுசாக வேலை செய்தும் பலன் பூஜ்யம். நாளுக்கு மொத்தம் 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் இருக்கும் தட்டில் அந்த வரம்பு ஒரு வேளையிலேயே முடிந்துவிடும். உப்பைக் குறைக்காமல் லேசிக்ஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதற்கு நேர் எதிர். குடத்தை ஒரு பக்கம் கவிழ்த்துக்கொண்டே மறுபக்கம் ஊற்றுகிறோம்.

உப்பைக் குறைக்கச் சொன்னதும் பலர் கடையில் கிடைக்கும் 'குறைந்த சோடியம்' உப்புக்கு மாறுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் சோடியம் குறைந்த இடத்தில் அவற்றில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. தனி லேசிக்ஸ் எடுப்பவருக்கே அது டாக்டருக்குத் தெரிந்து நடக்க வேண்டிய விஷயம். பொட்டாசியத்தை உடம்பிலேயே தக்கவைக்கும் நீர் மாத்திரையான ஸ்பைரனோலாக்டோன் எடுப்பவருக்கு அந்த உப்பு கூடவே கூடாது.

வீக்கம் வடிகிறதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. எடை இயந்திரம்தான் நியாயமான சாட்சி. காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, காப்பிக்கு முன்னால், ஏறக்குறைய அதே கனத்துத் துணியில், அதே இயந்திரத்தில் நின்று எழுதி வைக்க வேண்டும். ஒரு கிலோ என்பது ஒரு லிட்டர் நீர். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது கொழுப்பாக இருக்க வாய்ப்பில்லை. மூச்சு வாங்கும்வரை காத்திருக்காமல் டாக்டருக்குச் சொல்லிவிட வேண்டும். அடுத்தது கட்டைவிரல் சோதனை. கணுக்காலுக்கு நாலு விரல் மேலே, முன்னெலும்பின் மேல் கட்டைவிரலைப் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து, மெதுவாகத் தூர்ந்தால் அங்கே நீர் நிற்கிறது. நேற்று முட்டிக்குக் கீழ்வரை விழுந்த குழி இன்று கணுக்காலோடு நின்றால் மாத்திரை ஒழுங்காக இழுக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவருக்குக் காலில் தேடக் கூடாது. நீர் முதுகின் அடிப்பகுதியில்தான் தேங்கும்.

எல்லா வீக்கமும் லேசிக்ஸுக்கு உரியது இல்லை என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுப்பவர்களில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அது உடம்பில் உப்பு சேர்ந்ததால் வருவதில்லை. அந்த மருந்து நுண்தமனிகளை விரித்துவிடுவதால் தந்துகிகளில் அழுத்தம் கூடி நீர் வெளியே கசிவதால் வருகிறது. அதற்கு லேசிக்ஸ் கொடுத்தால் வீக்கம் அசையாது, பொட்டாசியம் மட்டும் இறங்கும். பிறகு பொட்டாசியத்துக்கு ஒரு டானிக் சேரும். ஒரு மாத்திரையின் பக்கவிளைவுக்கு இன்னொரு மாத்திரை, அதன் பக்கவிளைவுக்கு மூன்றாவது. அம்லோடிபினின் அளவைக் குறைப்பதோ மாற்றுவதோதான் வழி. அதை டாக்டர்தான் செய்ய வேண்டும். யானைக்கால் வீக்கம், நாளெல்லாம் நின்று வேலை செய்வதால் வரும் வீக்கம், கர்ப்ப காலத்தில் வரும் சாதாரணக் கால் வீக்கம் எதற்கும் இது மருந்தில்லை. எடை குறைக்க இதை விழுங்குபவர்கள் இழப்பது தண்ணீரும் உப்பும்தான், ஒரு கிராம் கொழுப்புகூடக் கரையாது. விளையாட்டு வீரர்களுக்கு நீர் மாத்திரைகள் உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கின்றன. ஊக்கமருந்தின் தடயத்தைச் சிறுநீரில் மறைக்கப் பயன்படுத்தப்படுபவை என்பதால்.

பக்கவிளைவுகளில் முதலில் கவனிக்க வேண்டியது பொட்டாசியம். இயல்பு 3.5 முதல் 5.0. இது கீழே இறங்கினால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், உடம்பு துவளும், நாடித்துடிப்பு தாறுமாறாகும். டிகாக்சின் என்ற இதய மருந்து எடுப்பவருக்கு இது உயிரோடு விளையாட்டு. பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தும் ஏறவில்லை என்றால் மெக்னீசியத்தைப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஹென்லே வளைவில் மெக்னீசியமும் கால்சியமும் திரும்புவது குழாய்க்குள் இருக்கும் நேர்மின்னழுத்தத்தால். லேசிக்ஸ் அந்த மின்னழுத்தத்தைக் குலைத்துவிடுவதால் இரண்டும் சேர்ந்து ஒழுகும். மெக்னீசியம் குறைந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்காது. யூரிக் அமிலம் ஏறிக் கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்குவதும் வழக்கம்தான். மருந்து தொடங்கிய அல்லது அளவு மாற்றிய ஒன்று இரண்டு வாரத்துக்குள் சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் மூன்றையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பரிசோதனைச் செலவை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

பொட்டாசியம் இறங்கும் என்று தெரிந்ததும் இளநீர் குடிக்கத் தொடங்குவார்கள். தனி லேசிக்ஸ், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றால் அதில் தவறில்லை. ஆனால் சீட்டில் ஸ்பைரனோலாக்டோனோ ராமிப்ரிலோ டெல்மிசார்டனோ இருந்தால், கிரியேட்டினினும் கூடியிருந்தால், அதே இளநீர் பொட்டாசியத்தை மறுபக்கம் தூக்கி இதயத்தை நிறுத்தும் அளவுக்குக் கொண்டுபோய்விடலாம். ஒரே வீட்டில் கணவனுக்கு ஆகும் இளநீர் மனைவிக்கு ஆகாமல் போவது இப்படித்தான்.

ஸ்பைரனோலாக்டோன் இந்தக் குடும்பத்தில் வேறு வழியில் வேலை செய்வது. சிறுநீர்ப் பக்கம் வரத் தேவையில்லை. ரத்தப் பக்கமிருந்து கடைசிக் குழாயின் செல்லுக்குள் புகுந்து ஆல்டோஸ்டிரோன் உட்காரும் ஏற்பியைப் பிடித்துக்கொள்ளும். பலன் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும், "இன்னிக்குப் போட்டேன், ஒண்ணும் போகலை" என்று நிறுத்திவிடக் கூடாது. தனியாக நீர் இறக்கும் பலம் குறைவுதான். ஆனால் 1999-ல் வெளியான ரேல்ஸ் ஆய்வில், கடுமையான இதயச் செயலிழப்பு நோயாளிகள் 1,663 பேரிடம் இது இறப்பை 30 சதவீதம் குறைத்தது. ஆண்களுக்கு மார்பு வலித்து வீங்குவது இதன் குறை. கல்லீரல் இறுகி வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு ஆல்டோஸ்டிரோன்தான் முதல் எதிரி என்பதால், அங்கே ஸ்பைரனோலாக்டோன் முன்னால், லேசிக்ஸ் பின்னால். 100-க்கு 40 என்ற விகிதம்.

அந்த விகிதத்தை மனதில் வைத்து லாசிலாக்டோன் 50 என்ற கூட்டு மாத்திரையைப் பார்த்தால் அதன் நியாயம் புரியும்: 50 மி.கி. ஸ்பைரனோலாக்டோன், 20 மி.கி. ஃபுரோசமைட். இரண்டு போட்டால் கச்சிதமாக 100-க்கு 40. கல்லீரல் நோயாளிக்கு வசதியான சரக்கு. இதய நோயாளிக்கோ சிறுநீரக நோயாளிக்கோ அவ்வளவு வசதி இல்லை. நீர் போதவில்லை என்று மாத்திரையைக் கூட்டினால் ஸ்பைரனோலாக்டோனும் கூடவே ஏறும், பொட்டாசியம் எகிறும். அளவை அடிக்கடி ஏற்றி இறக்க வேண்டியவர்களுக்குத் தனித்தனி மாத்திரைகளே மேல்.

தயசைடு வகை பற்றிச் சுருக்கமாக. ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் இரண்டும் ஹென்லே வளைவைத் தாண்டிய 5 சதவீத இடத்தில் வேலை செய்பவை. வீக்கத்தைவிட ரத்த அழுத்தத்துக்கு ஏற்றவை, கால்சியத்தைச் சிறுநீரில் குறைப்பதால் கல் அடிக்கடி வருபவருக்கு உபகாரம். சிறுநீரகம் தளர்ந்தால் தயசைடு பேசாது என்பது பழைய பாடம். 2021-ல் வெளியான கிளிக் ஆய்வு, நான்காம் நிலை சிறுநீரக நோயாளிகள் 160 பேரிடம் குளோர்தாலிடோன் 24 மணி நேர மேல் ரத்த அழுத்தத்தை 11 புள்ளி இறக்கியதைக் காட்டி அந்தப் பாடத்தைத் திருத்தியது. இந்த வகையின் ஆபத்து ரத்தத்தில் சோடியம் சரிவது. வயதான, மெலிந்த பெண்களிடம் அதிகம். திடீரென்று தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் வந்தால் பக்கவாதமோ என்று ஓடுவார்கள். சோடியம் 118 என்று வரும். லேசிக்ஸில் இது குறைவு. லேசிக்ஸ் சிறுநீரைச் செறிவாக்கும் சக்தியையே குலைத்துவிடுவதால் உப்போடு நீரும் சேர்ந்து போகிறது. தயசைடு அந்தச் சக்தியைத் தொடுவதில்லை, உப்பு போகும், நீர் தங்கும்.

லேசிக்ஸை நெடுநாள் எடுப்பவருக்குத் தூரச் சுருள்குழாய் உப்பை அள்ளி அள்ளிப் பருத்துவிடும். மருந்து படிப்படியாக மங்கும். அப்போது மெடோலசோன் 2.5 மி.கி. போன்றதைச் சேர்த்து இரண்டு கதவையும் ஒருசேர அடைப்பார்கள். பலன் பயங்கரம், ஒரே நாளில் மூன்று நாலு கிலோ இறங்குவதும் உண்டு, பொட்டாசியமும் சோடியமும் அதே வேகத்தில் சரியும். ரத்தப் பரிசோதனை இல்லாமல் வீட்டில் தொடரக் கூடாத ஜோடி இது. சீட்டில் "வாரத்துக்கு இரண்டு" என்று எழுதியிருந்தால் தினமும் போட்டுவிடாதீர்கள்.

நேரம்: காலை ஏழு மணி வாக்கில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால். இரண்டாவது வேளை இருந்தால் மதியம் இரண்டு மணி. நாலு மணியைத் தாண்டக் கூடாது. இரவில் போட்டால் நடுச்சாமத்தில் இருட்டில் எழுந்து நடந்து, தலை சுற்றி விழுந்து, இடுப்பெலும்பு முறிவது உண்மையான பக்கவிளைவு. காலையில் பஸ் பயணமோ கல்யாணமோ இருந்தால் மாத்திரையைத் தவிர்க்க வேண்டியதில்லை, வீட்டுக்கு வந்து மதியத்துக்குள் போட்டுக்கொள்ளலாம். மறந்துபோன வேளைக்குச் சேர்த்து மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

வாந்தி பேதி வந்த நாளில், கத்திரி வெயிலில் வியர்த்துக் கொட்டிச் சாப்பாடும் இறங்காத நாளில், இதே அளவு அதிகப்படி. படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டுகிறது, நாக்கு வறள்கிறது, எடை வழக்கத்துக்கு இரண்டு கிலோ கீழே, சிறுநீர் அடர்மஞ்சள் என்றால் உடம்பு காய்ந்துவிட்டது. டாக்டரைக் கூப்பிட்டு அன்றைக்கு நிறுத்தவா குறைக்கவா என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கான பதிலை முன்கூட்டியே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

ஊசியைப் பற்றி, வீட்டில் நர்ஸ் வைத்துப் பார்ப்பவர்களுக்காக: நிமிடத்துக்கு 4 மி.கி.க்கு மேல் வேகமாகச் செலுத்தக் கூடாது. உள்காதிலும் என்.கே.சி.சி.யின் உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது. பெரிய அளவை வேகமாக ஏற்றினால் காதில் இரைச்சல் வரும், கேட்கும் திறனும் போகலாம். அமிகாசின், ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் ஊசிகளும் கூடவே ஓடினால் ஆபத்து இன்னும் அதிகம். மருந்து காரத்தன்மை உள்ளது, ஆகவே நார்மல் சலைனில்தான் கலக்க வேண்டும்; குளுக்கோஸ் பாட்டிலில் கலந்தால் வீழ்படிவாகத் திரியலாம். விட்டு விட்டுப் போடுவதா, சொட்டுச் சொட்டாக ஓட விடுவதா என்ற பழைய சண்டைக்கு 308 நோயாளிகளிடம் நடந்த டோஸ் ஆய்வு 2011-ல் பதில் சொல்லிவிட்டது: இரண்டும் ஒன்றுதான்.

கடைசியாக, அட்டை. ஃபுரோசமைட்டுக்கு வெளிச்சம் ஆகாது. அட்டையிலிருந்து பிரித்து வாரத்துக்கு வேண்டியதைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு ஜன்னலோரம் வைத்தால் வெள்ளை மாத்திரை மஞ்சளாகும். மஞ்சளானதை எறிந்துவிட வேண்டும். ஊசிக் குப்பியில் மருந்து மஞ்சளாக இருந்தாலும் அப்படியே. பாதியாக உடைத்ததில் மீந்த பாதியை அதே அட்டைக்குள் செருகி, இருட்டான அலமாரியில் வைத்து, மறுநாள் காலை முதலில் அதைப் போட்டு முடியுங்கள்.